ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி

மாநிலத்திலேயே கொள்கலன்களைக் கையாளும் மூன்றாவது பெரிய நிறுவனம் தம்முடையதுதான் என்ற செய்தி, கோவிந்தாபுரம் மஜீதுக்குத் தம்முடைய ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மஜீத் உறையைப் பிரிக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு இதற்கு முன் இரண்டு முறைதான் பதிவுத் தபால் வந்திருக்கிறது. முதலாவது, ஒரு கால்வாய்க்காக அவருடைய அத்தாவின் நிலத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. இரண்டாவது, கால்வாய்த் திட்டம் கைவிடப்பட்டதாகச் சொன்னது. நிலத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே அவர் உறையை மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, அது ஏதாவது செய்துவிடுமோ என்பதுபோல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மகள் ஹஸ்னா அட்சயா மையத்தில் வேலை பார்க்கிறாள். ஊர் மக்களின் விண்ணப்பங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் அவள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் உறையைக் கிழித்து வாசித்துச் சொன்னாள். துறைமுக நகர வளர்ச்சி முன்னுரிமை ஆணையம் 'பொருளாதாரப் போக்குகளும் வளர்ச்சி முன்னுரிமைகளும்' என்றொரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதன்படி மஜீத் நிறுவனம் நாளொன்றுக்கு நாற்பது, ஆண்டுக்குப் பதினாலாயிரத்து அறுநூறு கொள்கலன்களைக் கையாண்டு வருகிறது. இதை அறிந்து ஆணையம் பெருமிதம் கொள்கிறது.

"கொள்கலன்னா என்ன கண்ணு?" என்றார் மஜீத்.

"கண்டெய்னர் அத்தா. நீளமா லாரி மேல போகுமே, ரயில் பொட்டியாட்டம். அது."

மஜீத் கடிதத்தை வாங்கி மறுபடி கம்பிச்சுருளுக்கு அடியில் வைத்தார். அவர் பிழைப்பு மாங்காய்ப் பெட்டி. முதலமடைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் மாங்காய் அடுக்கி அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பழசாக வாங்கி, கழுவி, உடைந்த இடத்தில் கம்பி கட்டி விற்பார். பிப்ரவரியிலிருந்து மே வரை வியாபாரம். மீதி மாதங்களில் கம்பி கட்டுவது மட்டும். துறைமுக நகரம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கடலை அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார், இரண்டு தடவையும் தூரத்தில் நின்று.

தப்பு எங்கே நடந்தது என்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. எட்டு மாதத்துக்கு முன், ஊரெல்லாம் கடையடைத்த ஒரு ஹர்த்தால் நாளில், ரிஞ்சு என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். ஒப்பந்த வேலையில் கணக்கெடுக்க வந்தவள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. மஜீத் பாதி ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார். பாவம் என்று ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"சேட்டா, ஒரு நாள் எத்தனை பெட்டி போகும்?" என்று அவள் கேட்டாள்.

"சீசன்ல நாப்பது போகுங்க."

அவள் கையிலிருந்த கருவி அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டது. இருபது அடிப் பெட்டியா, நாற்பது அடிப் பெட்டியா? மஜீத் கையை விரித்து ஒன்றரை அடி காட்டினார். ஒன்றரை அடி என்று ஒரு விடை கருவியில் இல்லை. இரண்டில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் முடியாது. ரிஞ்சு கொஞ்ச நேரம் யோசித்தாள். "சின்னதுதானே சேட்டா, இருபதுன்னே போட்டுக்கறேன்" என்றாள். கூட்டிச் சொல்லாமல் குறைத்துச் சொன்ன அந்தப் பெண்ணின் நேர்மை மஜீதுக்குப் பிடித்திருந்தது. திரையில் விரலால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"போய்ச் சொல்லீட்டு வந்துருங்க. மனுசருக்கு மனுசர் சொன்னாப் புரியாதா?" என்றாள், கடிதத்தைப் பற்றிக் கேட்ட மனைவி ரம்லா.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மஜீத் பாலக்காடு போனார். ஆணையத்தின் கிழக்கு மண்டல அலுவலகம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, போக்குகள் பிரிவின் துணை இயக்குநர் செபாஸ்டின் அவரை உள்ளே கூப்பிட்டார். எல்லை மாவட்டங்களிலேயே வேலை பார்த்தவர் என்பதால் செபாஸ்டினுக்குத் தமிழ் நன்றாக வரும். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரளவுக்கு ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சிவப்புக்கோடு கடைசியில் திடீரென்று சுவரேறிக் கூரையைத் தொட்டது.

"இதுதான் நீங்க," என்றார் செபாஸ்டின், கூரைப்பக்கத்தைக் காட்டி.

மஜீத் தலையைத் தூக்கித் தம்மைப் பார்த்தார். தலை சுற்றியது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. அது மாங்காப் பொட்டிங்க."

"உக்காருங்க. நாற்பதுன்னு சொன்னது யாரு?"

"நானுங்க."

"பெட்டின்னு சொன்னது?"

"நானுங்க."

"கையெழுத்து?"

"என்றதுதானுங்க."

"அப்ப இதுல ஆணையத்தோட தப்பு எங்கே?"

செபாஸ்டின் அவரை அதட்டவில்லை. மிகவும் அன்பாகத்தான் பேசினார். அதுதான் மஜீதை அதிகமாகப் பயமுறுத்தியது.

"கிழக்கு மண்டலத்துல மாதிரிக்குப் பன்னிரண்டு கடையைத் தேர்ந்தெடுத்தோம். அன்னிக்கு ஹர்த்தால். பதினொண்ணு அடைச்சிருந்துச்சு. நீங்க மட்டும் பாதி ஷட்டர் திறந்து வச்சிருந்தீங்க. அந்தப் பாதி ஷட்டர்லதான் இந்த மண்டலத்தோட முழு வளர்ச்சியும் நிக்குது. ஒரு எண் உங்க வாயிலிருந்து வர்ற வரைக்கும்தான் அது உங்களோடது. அறிக்கைக்குள்ள போயிட்டா அது அரசாங்கச் சொத்து. உங்க நாற்பது மேல நாங்க இருபது பக்கம் எழுதியிருக்கோம். அதை உருவினா தாலுகா விழும். தாலுகா விழுந்தா மண்டலம் விழும். மண்டலம் விழுந்தா துறைமுகத்தோட முன்னுரிமைப் பட்டியலே விழும். என்னோட பதவி உயர்வும் அந்தப் பட்டியலுக்குக் கீழேதான் வருது. ஆனா நான் அதுக்காகச் சொல்லல."

"எனக்குப் பயமா இருக்குதுங்க சார்."

"பயப்பட ஒண்ணுமே இல்லை. ரெண்டே ரெண்டு சட்டப்பிரிவுதான். உங்ககிட்ட கண்டெய்னர் இருக்குன்னு வைங்க, அனுமதி இல்லாம கையாண்ட குத்தம். மூணு வருஷம். இல்லைன்னு வைங்க, கணக்கெடுப்புல பொய் சொன்ன குத்தம். ரெண்டு வருஷம். எது வசதியோ யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

பிறகு ஒரு பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் மஜீத் சிரிப்பதுபோல இருக்கும். உண்மையில் அவருக்குத் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் 'பெட்டி' என்ற சொல்லை விட்டுவிட்டார். "அது எத்தனை வேணுங்க?" என்றுதான் தோப்புக்காரர்களிடம் கேட்டார். கடையில் யாராவது "எத்தனை முட்டை?" என்று கேட்டால்கூட, கேட்பவரின் கையில் ஏதாவது கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். சாலையில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றார். ரம்லா பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், பட்டையில் இன்னும் எத்தனை இருக்கிறது என்பதை அவள் சொல்லக்கூடாது என்று கை காட்டினார்.

பத்தாம் நாள் ஜீப் வந்தே விட்டது. ஒன்றல்ல, மூன்று. கொள்கலன் கண்காணிப்புப் பிரிவு என்று பலகை இருந்தது. அப்படி ஒரு பிரிவு இருப்பது ஊருக்கே அன்றுதான் தெரியும். அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ஆண்டுக்குப் பதினாலாயிரத்து அறுநூறு கொள்கலன் எல்லையோரத்தில் ஒரு தனியார் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் புழங்குகிறது என்றால், அது எப்பேர்ப்பட்ட கடத்தல்?

அதிகாரி பெட்டி அடுக்கும் ஷெட்டை அளந்தார். நாற்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம்.

"இதுல ரெண்டு கண்டெய்னர் நிக்கும்," என்றார். "மீதி பதினாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு எங்கே?"

"அந்த ரெண்டுமே இல்லீங்களே சார்," என்றார் மஜீத்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ரெண்டுமே இல்லை. மொத்தமும் மறைக்கப்பட்டிருக்கிறது. ஆட்கள் சாக்கடையின் மேல்பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். கோழிக்கூட்டைத் தள்ளி அதன் அடியில் கடப்பாரையால் குத்தினார்கள். பக்கத்துத் தோப்புக் கிணற்றில் விளக்கடித்துப் பார்த்தார்கள். சுத்தமான கிணறு. அடியில் ஒரு வாளி தெரிந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ரம்லா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பயத்தில் செய்வதற்கு அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. டீயை வாங்கிக்கொண்ட அதிகாரி, வீட்டுப் பெண்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், சாதாரணமாகக் கேட்டார்.

"இவ்வளவு சின்ன இடத்துல எப்படிம்மா அடுக்குறீங்க?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுருவமுங்க. பத்துப் பொட்டி ஒரு பொட்டி எடத்துல அடங்கீரும்."

அதிகாரி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இருபது அடிக் கொள்கலன்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும் தொழில்நுட்பம் ஒரு மாங்காய்க் கிராமத்தில் ரகசியமாகப் பயன்பாட்டில் இருப்பதாக அன்றே மேலிடத்துக்கு எழுதினார். ஷெட்டுக்கு அரக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

சீசன் தொடங்க மூன்று வாரம் இருந்தது. கம்பி கட்டிய ஆயிரத்துச் சொச்சம் மாங்காய்ப் பெட்டிகள் உள்ளே இருந்தன. மஜீத் வெளியே நின்று அரக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் கை வைக்கவும் அவருக்குத் துணிவில்லை.

ஆனால் அவரை உண்மையாகவே உலுக்கியது அதற்கு அடுத்த வாரம் நடந்தது. பக்கத்துத் தென்னந்தோப்பு அர்த்தநாரியுடையது. முப்பது வருடமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறவர்கள். ரம்லாவின் பிரசவத்துக்கு அர்த்தநாரியின் மாட்டுவண்டிதான் போனது. அந்த அர்த்தநாரி, வியர்வை வழிய, பிடுங்கிய ஒரு சர்வே கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மஜீதின் வாசலில் தொப்பென்று போட்டார்.

"ராவுத்தரே, இது என்னங்க?"

மஜீத் பார்த்தார். கல்லில் ஆணையத்தின் முத்திரையும், கீழே நங்கூரப் படமும் இருந்தன.

"என்ற தோப்புல இந்த மாதிரி பதினேழு நட்டிருக்கறானுக. கேட்டா உள்நாட்டுத் துறைமுகம் வருதாமா. ஒரு நாளைக்கு நாப்பது கண்டெய்னர் இங்க வந்துபோகுதாமா, அதுக்கு எடம் பத்தலையாமா. என்ற தோப்பு, அந்தப் பக்கம் காலனி, எண்பத்தி நாலு ஊடு, அத்தனையும் போகுது. எவன் சொன்னான் நாப்பதுன்னு கேட்டனுங்க. உங்க பேரைச் சொல்றானுங்க."

"அர்த்தநாரி, நான் சொன்னது மாங்காப் பொட்டிங்க. சத்தியமா."

"அது எனக்குத் தெரியாதுங்களா? அவனுகளுக்குச் சொல்லுங்க!"

"சொன்னனுங்க. சொன்னா ரெண்டு வருசமாமா. சொல்லாட்டி மூணு வருசமாமா."

அர்த்தநாரி துண்டால் வியர்வையைத் துடைத்தார். பிறகு, "நான் தென்னைக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார். கல்லை எடுத்துக்கொண்டு போகவில்லை. மஜீத் அன்று சாப்பிடவில்லை. அதுவரை அவர் பயந்தது தமக்காக மட்டும். இப்போது எண்பத்து நான்கு வீட்டின் பயமும் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. காலனிப் பெண்கள் கடைவழியாகப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு போனார்கள்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு செபாஸ்டின் தாமே காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு தட்டச்சுத் தாள்.

"மஜீத், உங்க பிரச்சினை எல்லாம் முடிஞ்சது. இதை மேடையில வாசிச்சிருங்க. போதும்."

ஹஸ்னா வாங்கிப் படித்தாள். 'நாளொன்றுக்கு நாற்பது கொள்கலன்களைக் கையாளும் நான், இடப்பற்றாக்குறையால் பெரும் அவதிப்படுகிறேன். இப்பகுதி மக்கள் சார்பில் துறைமுகத்தை விரைந்து அமைக்கக் கோருகிறேன்.'

"இதை வாசிச்சா அந்த மூணு வருசம்?" என்று கேட்டாள் அவள்.

"துறைமுகம் வந்துட்டா அவர் அனுமதி பெற்றவர் ஆயிடுவார். முன்தேதியிட்டு."

"ஊடு போற எண்பத்தி நாலு பேரு?"

"அவங்க வளர்ச்சிக்குள்ள போறாங்க, மோளே. வெளியே போகல." செபாஸ்டின் இதை முழு மனதோடு சொன்னார். "நான் இருபத்தாறு வருஷமா வளர்ச்சியில இருக்கேன். ஒரு ஆளைக்கூட வெளியே அனுப்பினதா எந்த அறிக்கையிலும் இல்லை. எழுதினது நான்தான்."

கருத்துக்கேட்பு பஞ்சாயத்து சமூகக் கூடத்தில் நடந்தது. கூட்டம் வாசல் தாண்டி நின்றது. மேடையில் ஆணையத் தலைவர், செபாஸ்டின், இன்னும் நான்கு பேர். முன்வரிசையில் திட்டத்துக்குக் கடன் கொடுக்கப்போகும் வெளிநாட்டு வங்கியின் ஆலோசகரான ஒரு அம்மா, மடியில் கம்ப்யூட்டரோடு. அவருக்குக் காதோரம் ஒரு பெண் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவர் முதலில் பேசினார்.

"கருத்துக் கேட்பது எங்கள் மரபு. கேட்ட கருத்தை நாங்கள் ஒருபோதும் மாற்றியதில்லை, ஏனென்றால் கேட்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவதால் குழப்பமே வருவதில்லை. கடல் எல்லோருக்கும் பொது. இதுவரை அது கரையோர மக்களிடம் மட்டும் இருந்தது. அந்த அநீதியை மாற்றி, கடலே இல்லாதவர்களுக்கும் துறைமுகம் என்பதுதான் எங்கள் முதல் முன்னுரிமை."

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு மஜீதை அழைத்தார்கள்.

மேடைக்கு ஐந்து படி. மூன்றாவது படியில் அவர் நின்றுவிட்டார். செபாஸ்டின் இறங்கி வந்து கை கொடுத்தார். மைக்குக்கு முன் தாளைப் பிரித்தபோது அதன் சரசரப்பு கூடம் முழுக்கக் கேட்டது. மஜீத் கூட்டத்தைப் பார்த்தார். ரம்லா துப்பட்டாவின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார். அவ்வளவு பெரிய மனுசர் பயப்படுவதை மஜீத் அதுவரை பார்த்ததில்லை.

மஜீத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்க," என்று தொடங்கினார். "மேடையேறிப் பேசினதில்லீங்க. என்றகிட்டக் கண்டெய்னர் இல்லீங்க. ஒண்ணுகூட இல்லீங்க. எப்பவும் இருந்ததில்லீங்க. மாங்காப் பொட்டிங்க. ஒன்றரை அடி. நாப்பது போறதும் சீசன்ல மூணு நாலு மாசந்தானுங்க. இதுக்கு ரெண்டு வருசம் ஜெயில்னாங்க. மூணுன்னாலும் செரிங்க, போட்டுக்கங்க. ஆனா என்ற வாயில வந்த ஒரு பேச்சுக்காக இவிய ஊட்ட இடிக்காதீங்க. அவ்வளவுதானுங்க."

முன்வரிசை ஆலோசகர் அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். பிறகு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"கையாளப்படும் கொள்கலன் பூஜ்யமா என்று கேட்கிறார்," என்றாள் மொழிபெயர்ப்பவள்.

"பூஜ்யமுங்க!" என்று அர்த்தநாரி பின்னாலிருந்து கத்தினார். "முட்டை! சைபர்!" காலனிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஆலோசகர் அம்மா கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். மேடையில் தலைவர் முகம் வெளிறியது.

அப்போது செபாஸ்டின் எழுந்தார். அரசாங்கத்தில் இருபத்தாறு வருடம் வீணாகப் போகவில்லை.

"நண்பர்களே, மஜீத் அவர்கள் ஒரு பெரிய உண்மையைச் சொன்னார். கணக்கெடுத்த அன்று நாற்பது. இன்று பூஜ்யம். இரண்டும் அவர் வாய்மொழி, இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. பத்தே மாதத்தில் நூறு சதவீதச் சரிவு! ஆனால் கொள்கலன் என்பது கற்பூரம் அல்ல, கரைந்து போக. இங்கே இல்லை என்றால் வேறெங்கோ போயிருக்கிறது. எங்கே போயிற்று என்று கண்டுபிடித்து அங்கே துறைமுகம் அமைப்பதுதான் அறிவியல்."

தலைவருக்கு மூச்சு வந்தது. "அதுதான் போக்கு," என்றார். ஆலோசகர் அம்மாவும் தலையசைத்தார். தேசிய கீதத்துடன் கூட்டம் முடிந்தது.

பத்தொன்பது நாள் கழித்து ஷெட்டின் சீலை உடைத்தார்கள். 'கொள்கலன்கள் வெளியேறிவிட்டபடியால்' என்று உத்தரவில் இருந்தது. இரண்டு குற்றப்பிரிவுகளும் கைவிடப்பட்டன. கணக்கெடுப்பின்போது நாற்பது இருந்ததாக ஆணையமே நம்புவதால் அவர் பொய் சொல்லவில்லை. இப்போது ஒன்றுமில்லை என்று ஆணையமே ஒப்புக்கொள்வதால் அவர் கடத்தவும் இல்லை. தோப்பில் நட்ட கற்களைப் பிடுங்கிக்கொண்டு போக இரண்டு ஆட்கள் வந்தார்கள். பதினேழில் ஒன்று குறைகிறது என்று தேடினார்கள். மஜீத் தம் வாசலில் கிடந்ததைத் தாமே தூக்கிக் கொடுத்தார்.

சீசனில் பாதி போய்விட்டிருந்தது. ஆனாலும் மஜீதின் வீட்டில் சாப்பாடு இறங்கியது. அர்த்தநாரி வேலி தாண்டி வந்து பெட்டிகளுக்குக் கம்பி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கல்லைக் கொண்டுவந்து போட்டதைப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம், மழை பிடித்த ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து மஜீதுக்குப் போன் வந்தது. ஒரு பெண் குரல். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"கோவிந்தாபுரம் மஜீத் அண்ணனா? நான் குருவம்மாள்ணே. இடுக்கிப் பக்கம் சக்குபள்ளத்துல இருந்து பேசுறேன். எனக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு. அதுல ஒங்க பேரு போட்டிருக்கு, நம்பரும் போட்டிருக்கு. கோவிந்தாபுரத்துல இருந்து வெளியேறுன நாப்பது கண்டெய்னரும் எங்கிட்ட வந்துருச்சுன்னு எழுதியிருக்காக. எனக்கு ஒண்ணும் வெளங்கலண்ணே. கையும் காலும் ஓடல."

மஜீத் போனை மறு காதுக்கு மாற்றினார். "நீங்க என்ன பண்றீங்க அம்மிணி? மாங்காயா?"

"இங்க ஏதுண்ணே மாங்கா? ஏலக்காத் தோட்டம்தான். எங்க வீட்டுக்காரர் செத்த பெறகு ரோட்டோரமா ஒரு கடை போட்டேன். மிட்டாயி, சோப்பு, வெத்தல. போன மாசம் ஒரு தம்பி வந்து என்ன தொழில்னு கேட்டுச்சு. பெட்டிக்கடைன்னு சொன்னேன். அவ்வளவுதாண்ணே சொன்னேன். அதுல என்ன தப்பு இருக்கு?"

மஜீத் கண்ணை மூடிக்கொண்டார்.

"எதுத்த மலையில கல்லு நட்டுக்கிட்டு இருக்காக. மலைமேல இருக்கதுனால சுனாமி பயம் இல்லாத துறைமுகம்னு பேசிக்கிறாக. தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிற சனம் எல்லாம் என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது. வியாழக்கிழமை ஆபீசுக்கு வரச்சொல்லியிருக்காக. பொன்னாடை போத்துவாகளாம்."

மஜீத் வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாட்டினார். ரம்லா என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"ஏனுங்க, இப்பத்தான் சித்த நிம்மதியா இருக்கறோம். மறுபடியும் அவிய முன்னால போய் நிக்கோணுமா? அந்தப் பொம்பள யாரோ, நாம யாரோ."

"எனக்கும் பயமாத்தான் இருக்குது ரம்லா. ஆனா நாப்பதுன்னு சொன்னவன் நான்தானே. அதுதானே நடந்து நடந்து அந்தப் புள்ளையோட கடைக்குப் போயிருக்குது."

ரம்லா மாத்திரைப் பட்டையை எடுத்து அவர் பையில் வைத்தாள். ஹஸ்னா உத்தரவு, கடிதம், அறிக்கையின் பக்கங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் அர்த்தநாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. யார் சொன்னார்கள் என்று மஜீத் கேட்கவில்லை. பொள்ளாச்சி போய், அங்கிருந்து தேனி, கம்பம், பிறகு மலையேறிக் குமுளி. ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம்.

பஸ் பொள்ளாச்சியைத் தாண்டும்போது குருவம்மாள் மறுபடி கூப்பிட்டாள். கடைவாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது என்றாள். கோட்டுப் போட்ட ஒருவர் இறங்குகிறார், ரொம்ப அன்பாகச் சிரிக்கிறார், கையில் ஒரு தாள் வைத்திருக்கிறார் என்றாள். குரல் அடியோடு போயிருந்தது.

"எனக்கு என்னண்ணே ஆகும்?"

அர்த்தநாரி காதை நெருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். மஜீத் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரீலீங்க அம்மிணி. பயமா இருந்தா பயந்துக்கங்க, அது பரவால்ல. கண்ணாடியக் காணோம், நாளைக்குப் படிக்கறன்னு சொல்லி அவியளை உக்கார வெச்சு டீ குடுங்க. நாங்க ரெண்டு பேரு பஸ்ஸுல வந்துட்டிருக்கறோம். வர்ற வரைக்கும் கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க."